அரைத்த மாட்டிறைச்சியும் மலையகக் குளிரும்: வீட்டில் பாதுகாப்பாக வைத்திருக்கும் முறை

நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் மாலையானதும் கம்பளிச் சட்டை தேடும் குளிர் வந்துவிடுவதால், இறைச்சியை ஒரு சட்டியில் போட்டு மூடிச் சமையலறை மேடையில் வைத்தாலே விடியும்வரை கெடாமல் இருக்கும் என்று நம்புகிற வீடுகள் இன்றும் உண்டு. முழுத் துண்டு இறைச்சியிலேயே ஆபத்தான அந்த நம்பிக்கை, அரைத்த மாட்டிறைச்சியில் சற்றும் செல்லுபடியாகாது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில் இருக்கிறது. உணவில் நோய்க்கிருமிகள் பெருகும் எல்லை 5 பாகையிலிருந்து 60 பாகை வரை என்று உணவுப் பாதுகாப்புத் துறையினர் கணக்கிடுகின்றனர். ஆகவே நம்மைப் போர்வைக்குள் தள்ளும் அந்தக் குளிரும் கிருமிகள் பெருகுவதற்குப் போதுமான வெப்பமாகவே இருக்கிறது. ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில் இருக்கும் பதுளையையோ, அதைவிடத் தாழ்ந்த கண்டியையோ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அரைத்த இறைச்சிக்கு மட்டும் இவ்வளவு கடுமை ஏன் என்று கேட்கலாம். முழுத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருக்கின்றன. சட்டியின் சூடு முதலில் படுவதும் அந்த மேற்பரப்பில்தான் என்பதால் அவை எளிதில் அழிந்துவிடுகின்றன. அரைக்கும் பொறி அந்த மேற்பரப்பை இறைச்சி முழுவதற்குள்ளும் கலந்துவிடுகிறது. காற்றும் ஈரமும் படுகிற பரப்பு பலமடங்காகிறது. பொறியில் முன்பு அரைத்த இறைச்சியின் எச்சமும் உடன் சேரலாம். இறைச்சியில் இருக்கக்கூடிய சல்மோனெல்லா, லிஸ்டீரியா, ஈ கோலை ஆகிய நோய்க்கிருமிகளுள் ஓ157 எனப்படும் ஈ கோலை வகை மிகச் சிறிய அளவிலேயே நோயை உண்டாக்கக்கூடியது. சிறு பிள்ளைகளின் சிறுநீரகத்தை அது செயலிழக்கச் செய்யவும் கூடும். 1993ஆம் ஆண்டு அமெரிக்காவில் சரியாக வேகாத அரைத்த மாட்டிறைச்சி அடைகளை உண்டதால் 700க்கும் மேற்பட்டோர் நோயுற்று, நான்கு பிள்ளைகள் உயிரிழந்த பின்னரே, அந்நாட்டு அரசு 1994இல் இந்தக் கிருமி கலந்த அரைத்த மாட்டிறைச்சியைக் கலப்படப் பொருளாக அறிவித்தது.

மாட்டிறைச்சி சமைக்காத வீடுகளில் ஆட்டிறைச்சியை அரைத்துக் கட்லட் செய்வோருக்கும் கீழே வரும் அளவுகள் அப்படியே பொருந்தும். கோழி இறைச்சியாயின் வேக வேண்டிய வெப்பநிலை மட்டும் 71 பாகைக்குப் பதிலாக 74 பாகையாகும்.

வாங்குவதும் வீடு கொண்டு வருவதும்

போயா தினங்களில் இறைச்சிக் கடைகள் மூடப்படுவதால், அதற்கு முதல் நாள் மாலையில் டவுன் கடைகளில் கூட்டம் சேர்வது வழமை. அந்த நேரத்தில், காலையிலேயே அரைத்துத் தட்டில் குவித்து வைத்த இறைச்சியை வாங்குவதைவிட, உள்ளூராட்சி சபையின் அனுமதிப்பத்திரம் பெற்ற கடையில் ஒரு துண்டைத் தெரிந்து, கண்முன்னே அரைத்துத் தரும்படி கேட்பது நல்லது. அதைவிடவும் நல்லது, துண்டாகவே வாங்கி வந்து சமைக்கும் நாளில் வீட்டில் அரைத்துக்கொள்வது. குளிர்சாதனப் பெட்டியில் அரைத்த இறைச்சி ஒன்று அல்லது இரண்டு நாட்களே தாங்கும். முழுத் துண்டு மூன்று முதல் ஐந்து நாட்கள் வரை தாங்கும். கையால் சுற்றும் அரைக்கும் பொறி பல வீடுகளில் தூசி படிந்து கிடக்கிறது. அதை வெளியே எடுக்க இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. ஆனால் அரைக்கும் முன்னர் இறைச்சியை நன்றாகக் குளிர வைத்திருக்க வேண்டும். அரைத்து முடிந்தவுடன் பொறியின் திருகாணி, கத்தி, துளைத்தட்டு ஆகிய மூன்றையும் கழற்றி, சவர்க்காரமிட்ட வெந்நீரில் கழுவி, உலரவிட வேண்டும்.

வாங்கும்போது நிறத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக்கூடாது. காற்றுப்பட்ட வெளிப்புறம் செக்கச்செவேலென்றும் காற்றுப்படாத உட்புறம் கருஞ்சிவப்பாகவோ சற்றுப் பழுப்பாகவோ இருப்பது இறைச்சியில் உள்ள மயோகுளோபின் என்னும் நிறப்பொருளின் இயல்பு. வெளியும் உள்ளும் ஒருசேரப் பழுப்பாகி, கையில் பிசுபிசுத்து, புளித்த வாடையும் அடித்தால் மட்டுமே அது கெட்டுப்போனதற்கான அடையாளம். இதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு: வாடையை உண்டாக்கும் பக்டீரியாக்கள் வேறு, நோயை உண்டாக்குபவை வேறு. வாடையே இல்லாத இறைச்சியிலும் ஈ கோலை இருக்கலாம். முகர்ந்து பார்த்து ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று சொல்வது எந்தச் சோதனையும் ஆகாது.

டவுனில் மற்றச் சாமான்களையெல்லாம் வாங்கி முடித்த பின்னர், பஸ் ஏறுவதற்குச் சற்று முன்னரே இறைச்சியை வாங்க வேண்டும். அறை வெப்பநிலையில் இறைச்சி இருக்கக்கூடிய உச்ச எல்லை இரண்டு மணித்தியாலம். 32 பாகையைத் தாண்டும் வெயிலில் அது ஒரு மணித்தியாலமாகக் குறைந்துவிடும். கடையிலிருந்து தோட்டத்து வீடுவரை ஒன்றரை மணித்தியாலம் ஆகுமாயின், பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து அந்த எல்லை வழியிலேயே முடிந்துவிடும். ஒரு சிறிய ரெஜிபோம் பெட்டியும், முதல் நாள் இரவே உறைய வைத்த தண்ணீர்ப் போத்தல் இரண்டும் இருந்தால் இந்தக் கவலை நீங்கும். இறைச்சிப் பொதியை மரக்கறிகளோடு ஒரே பையில் போடக்கூடாது. அதன் நீர் கசிந்து இலைக்கறிகளில் படுவது நாம் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது.

குளிர்சாதனப் பெட்டிக்குள்

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை பங்கு பிரிப்பது. ஒரு கிலோ இறைச்சியை ஒரே உருண்டையாக உள்ளே வைத்தால், வெளிப்புறம் குளிர்ந்த பின்னரும் நடுப்பகுதி நெடுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். அன்றோ மறுநாளோ சமைக்கப்போகும் அளவை மட்டும் தட்டையான, மூடியுள்ள பாத்திரத்தில் பரப்பி வைத்து, மிகுதியை உடனே உறைய வைக்க வேண்டும். இறைச்சியை நீரில் கழுவக்கூடாது. கழுவுவதால் கிருமி போவதில்லை. தெறிக்கும் நீரோடு அது தொட்டிக்கும் மேடைக்கும் பக்கத்தில் இருக்கும் கோப்பைகளுக்கும் பரவுகிறது. இதைச் சொன்னால் நம் வீடுகளில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது தெரிந்ததே. முழுத் துண்டைக் கழுவியே தீர வேண்டும் என்போரும்கூட, அரைத்த இறைச்சியையாவது விட்டுவிட வேண்டும்.

பாத்திரத்தின் இடம் எப்போதும் கீழ்த்தட்டின் பின்பக்கம்தான். கதவுப் பக்கம் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடேறுகிறது. மேல்தட்டில் வைத்தால் கசியும் நீர் கீழே உள்ளவற்றின் மீது சொட்டுகிறது. சம்பலுக்காக ஆய்ந்து வைத்த வல்லாரை அடுப்பையே காணாமல் தட்டுக்கு வருவதால், பச்சை இறைச்சிக்குக் கீழே அதை ஒருபோதும் வைக்கக்கூடாது.

உள்ளே வெப்பநிலை 4 பாகை அல்லது அதற்குக் குறைவாக இருக்க வேண்டும். குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகியில் உள்ள 1, 2, 3 என்ற எண்கள் பாகைகள் அல்ல. பெரிய எண் கூடுதல் குளிரைக் குறிக்கும் என்பதைத் தவிர அவற்றால் தெரிவது எதுவுமில்லை. சிறியதொரு வெப்பமானியை வாங்கி, ஒரு தம்ளர் தண்ணீருக்குள் அமிழ்த்தி நடுத்தட்டில் ஓர் இரவு வைத்துக் காலையில் பார்த்தால் உண்மை நிலை தெரிந்துவிடும். 4 பாகையிலும் லிஸ்டீரியா மெதுவாக வளரக்கூடியது என்பதால்தான், சரியான குளிரிலும் அரைத்த பச்சை இறைச்சிக்கு இரண்டு நாட்களுக்கு மேல் தவணை கிடையாது.

உறைய வைப்பதும் மலைநாட்டுப் பெட்டிகளின் தனிச் சிக்கலும்

உறைய வைக்கும்போது கால் கிலோ அல்லது அரைக் கிலோப் பங்குகளாகப் பிரித்து, தடித்த பொலித்தீன் பைகளில் இட்டு, உள்ளங்கையால் தட்டையாக்கி, ஓர் அங்குலத்துக்கும் குறைந்த கனத்தில் பரப்பி, காற்றை முழுவதும் வெளியேற்றிக் கட்ட வேண்டும். தட்டையான பொதி விரைவாக உறையும், விரைவாக இளகும், அடுக்கவும் வசதியாக இருக்கும். கடையில் தரும் மெல்லிய பையோடு அப்படியே வைத்தால் காற்றுப் புகுந்து, ஓரங்கள் வெளிறிக் காய்ந்து மரத்தூள்போலாகிவிடும். அது நஞ்சல்ல, ஆனால் சுவையும் இருக்காது. பத்திரிகைத் தாளில் சுற்றுவதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். பொதியின் மீது திகதியை எழுத வேண்டும். எழுதாத பொதி எப்போது வந்தது என்று வீட்டில் எவருக்கும் நினைவிருக்காது.

உறைபெட்டி −18 பாகையில் இருந்தால் அரைத்த மாட்டிறைச்சி மூன்று முதல் நான்கு மாதங்கள் வரை நல்ல தரத்தில் இருக்கும். அதற்கு மேல் பாதுகாப்பில் குறைவு ஏற்படாவிட்டாலும் கொழுப்பு சிக்கடித்துச் சுவை கெடும். உறைவதால் கிருமிகள் சாவதில்லை, உறங்குகின்றன. இளகியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். ஒற்றைக் கதவுப் பெட்டியின் உள்ளே இருக்கும் சிறிய ஐஸ் அறை பெரும்பாலும் −18 பாகையை எட்டுவதில்லை. அதன் கதவில் உள்ள நட்சத்திர அடையாளத்தைப் பார்க்க வேண்டும்: ஒரு நட்சத்திரம் −6 பாகையையும் இரண்டு −12 பாகையையும் மூன்று −18 பாகையையும் குறிக்கும். ஒரு நட்சத்திர அறையில் உறைந்த உணவை ஒரு கிழமைக்கு மேலும், இரண்டு நட்சத்திர அறையில் ஒரு மாதத்துக்கு மேலும் வைக்கக்கூடாது. ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யா இறைச்சி ஒரே நாளில் கிலோக்கணக்கில் வந்து சேரும் வீடுகளில் இந்த வேறுபாடு மிகவும் முக்கியமானது. அவ்வாறான நாட்களில் துண்டுகளைத் துண்டுகளாகவே உறைய வைத்து, அரைப்பதைப் பின்னர் வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

இனிச் சொல்லப்போவது கொழும்பில் இருப்போருக்குத் தேவைப்படாதது. சந்தையில் கிடைக்கும் குளிர்சாதனப் பெட்டிகள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட அறை வெப்பநிலைக்கென வடிவமைக்கப்பட்டவை. உட்சுவரிலோ பின்புறத்திலோ ஒட்டப்பட்டுள்ள தகட்டில் அதன் காலநிலை வகுப்பு அச்சிடப்பட்டிருக்கும். வெப்பவலய வகுப்புப் பெட்டி 16 முதல் 43 பாகை வரையான அறையிலும், மிகக் குளிர்ந்த இடங்களுக்கான வகுப்புப் பெட்டி 10 முதல் 32 பாகை வரையான அறையிலும் சரியாக இயங்கும். நம் நாடு வெப்ப நாடு என்பதால் இங்கே வருபவற்றுள் வெப்பவலய வகுப்பையே நாம் எதிர்பார்க்கலாம். ஆனால் நுவரெலியாவிலோ நானுஓயாவிலோ மார்கழி, தை இரவுகளில் சமையலறையின் வெப்பநிலை 16 பாகைக்கு வெகு கீழே இறங்கிவிடுகிறது.

அப்போது நடப்பது இதுதான். இரு கதவுகள் இருந்தும் ஒரே ஒரு வெப்பக்கட்டுப்பாட்டுக் கருவி உள்ள பெட்டிகளில், அந்தக் கருவி கீழ்ப்பகுதியின் குளிரை மட்டுமே அறிகிறது. அறையே குளிர்ந்திருப்பதால் கீழ்ப்பகுதி சூடேற நெடுநேரமாகிறது. அதனால் இயந்திரம் ஓடாமல் ஓய்ந்திருக்கிறது. அதுவரை மேலே உள்ள உறைபகுதி சிறிது சிறிதாக இளகத் தொடங்குகிறது. ஐஸ்கிறீம் குழைந்திருப்பதும், இறைச்சிப் பொதியை அழுத்தினால் விரல் பதிவதும் அதன் அறிகுறிகள். குளிர்காலம்தானே என்று மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்கத் திருகியைக் குறைந்த எண்ணுக்கு மாற்றுவோர் இந்தச் சிக்கலைத் தாமே கூட்டிக்கொள்கின்றனர். குளிர் மாதங்களில் திருகியைக் கூடுதல் குளிருக்கே திருப்ப வேண்டும். பெட்டியை வெளிச்சுவரோரத்திலோ பின்கதவு விறாந்தையிலோ வைக்காமல் வீட்டின் உள்ளறைக்கு மாற்ற வேண்டும். உறைபகுதியில் இரண்டு பொதிகளுக்கு நடுவே வெப்பமானியைச் செருகி, விடியற்காலையில் ஒரு முறை பார்க்க வேண்டும். புதிதாக வாங்குவோர் இரு பகுதிகளுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு உள்ள பெட்டியைத் தெரிவு செய்தால் இந்தத் தொல்லையே இல்லை. லயன் அறையில் ஒரே ஒரு சமையலிடம் இருப்போர் பெட்டியை எங்கே மாற்றுவது என்பது நியாயமான கேள்வி. அவர்கள் குளிர் மாதங்களில் நீண்டகாலச் சேமிப்பையே தவிர்த்து, ஒரு கிழமைக்குள் முடியும் அளவை மட்டும் வாங்குவது மேல்.

இளக்குதல், சமைத்தல், மிகுதி

உறைந்த பொதியை முதல் நாள் இரவு கீழ்த்தட்டுக்கு இறக்கி வைப்பதே சிறந்த முறை. அவ்வாறு இளகியதை ஓரிரு நாட்களுக்குள் சமைக்கலாம். திட்டம் மாறினால் சமைக்காமலே மீண்டும் உறைய வைக்கவும் செய்யலாம். அவசரமாயின், நீர் புகாத பையில் கட்டிக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, அரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை நீரை மாற்ற வேண்டும். இவ்வாறு இளகியதை உடனே சமைத்துவிட வேண்டும். அடுப்போரத்திலோ வெயில்படும் யன்னலிலோ வைத்து இளக்குவது முற்றிலும் தவறு.

உப்பு, மஞ்சள், வினாகிரி, கொறுக்காய் ஆகியவற்றைப் பிசறி வைத்தால் இரவு முழுவதும் வெளியே இருந்தாலும் கெடாது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. உப்புக்கண்டம் போடும் முறை, நிறைய உப்பிட்டு மெல்லிய கீற்றுகளை நன்றாகக் காயவைப்பதால் பலிக்கிறது; ஈரம் ததும்பும் அரைத்த இறைச்சியில் கறிக்குச் சேர்க்கும் அளவு உப்பும் புளிப்பும் அந்த வேலையைச் செய்யா. மசாலை பிசறியதையும் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைக்க வேண்டும். அதேபோல, பாதி வதக்கி எடுத்து வைத்து மறுநாள் முழுமையாக வேகவைப்பதும் கூடாது; பாதிச் சூடு கிருமியைக் கொல்லாமல் வளர்க்கும்.

நடுப்பகுதி 71 பாகையை எட்டும்வரை வேகவைக்க வேண்டும். நிறம் பழுப்பானது மட்டும் போதாது, ஏனெனில் சில வேளைகளில் அந்த வெப்பநிலைக்கு வெகு முன்னரே இறைச்சி பழுப்பாகிவிடும். மேலே செல்லச் செல்ல நீர் கொதிக்கும் வெப்பநிலை குறைகிறது. கடலோரத்தில் 100 பாகையாக இருப்பது நுவரெலியாவில் 94 பாகை அளவிலேயே இருக்கும். அதுவும் போதுமான சூடுதான் என்றாலும், குழம்பில் போட்ட இறைச்சி உருண்டைகள் உள்ளே வேகக் கூடுதல் நேரம் எடுக்கும். கரையோரத்து உறவினர் சொன்ன நிமிடக் கணக்கை இங்கே அப்படியே பின்பற்றாமல், ஓர் உருண்டையைப் பிளந்து ஆவி பறக்கிறதா என்று பார்ப்பதும், முடிந்தால் உணவு வெப்பமானியைச் செருகுவதும் நல்லது.

சமைத்த மிகுதியை அடுப்பிலேயே விட்டுவிட்டு உறங்கச் செல்லக்கூடாது. குளொஸ்ட்ரீடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்னும் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாமல் இருந்து, சட்டி மெதுவாக ஆறும்போது முளைத்துப் பெருகும். அகன்ற தட்டில் பரப்பி, அந்தத் தட்டைக் குளிர்ந்த நீர் நிறைந்த பெரிய பாத்திரத்துக்குள் வைத்து ஆறவிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் உள்ளே வைத்தால் மூன்று நான்கு நாட்கள் வரை பயன்படுத்தலாம். திரும்பச் சூடாக்கும்போது 74 பாகைவரை சூடேற வேண்டும். கட்லட்டுக்கும் ரோல்ஸுக்குமான உள்ளீட்டைக் கையால் பிசைந்து உருட்டுவதால், கையில் இருக்கும் ஸ்டஃபிலோகொக்கஸ் அதில் சேரக்கூடும். வெளியே நெடுநேரம் இருந்தால் அது சுரக்கும் நஞ்சு பொரித்தாலும் அழிவதில்லை. எனவே உருட்டிய கட்லட்டுகளைப் பொரிக்கும் நேரம்வரை குளிரிலேயே வைத்திருக்க வேண்டும்.

மின்சாரம் தடைப்படும்போது

மழைக்காலத்தில் மண்சரிவும் முறிந்து விழும் மரங்களும் மின்கம்பிகளை அறுத்துவிடுவது மலையகத்துக்குப் புதிதல்ல. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததையும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பகுதி நான்கு மணித்தியாலமும், நிறைந்த உறைபெட்டி 48 மணித்தியாலமும், பாதி நிறைந்தது 24 மணித்தியாலமும் குளிரைத் தாங்கும். இவை தனியாக நிற்கும் நல்ல உறைபெட்டிக்குரிய கணக்குகள். ஒற்றைக் கதவுப் பெட்டியின் ஐஸ் அறையிடம் இவ்வளவை எதிர்பார்க்கக்கூடாது. காலியிடத்தில் தண்ணீர்ப் போத்தல்களை உறைய வைத்து நிரப்பினால் நேரம் கூடும்.

வீட்டில் ஆளில்லாத நாட்களில் மின்சாரம் போய் வந்ததா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. ஒரு கோப்பைத் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுச் செல்ல வேண்டும். திரும்பி வரும்போது நாணயம் அடியில் உறைந்து கிடந்தால், பெட்டிக்குள் இருந்த அனைத்தும் இளகி மீண்டும் உறைந்திருக்கிறது என்று பொருள். அந்த இறைச்சியை உண்ணக்கூடாது. நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. நீங்கள் வீட்டில் இருக்கும்போதே தடை நீடித்து, பொதிக்குள் இன்னும் ஐஸ் துகள்கள் தென்பட்டால் மீண்டும் உறைய வைக்கலாம். முழுவதும் இளகி, 4 பாகைக்கு மேல் இரண்டு மணித்தியாலத்துக்கு அதிகமாக இருந்ததை, அது எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாயினும், எறிந்துவிட வேண்டும்.

எறிவதிலும் ஒரு முறை இருக்கிறது. லயத்துப் பின்புறக் கானில் கொட்டினால் நாய்கள் கூடும். நாய்களைத் தேடித் தேயிலை மலைகளுக்குள் சிறுத்தை வருவதும் தோட்டத்து மக்கள் அறிந்ததே. ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்து, மேலே கல் வைக்க வேண்டும். பின்னர் பெட்டியின் தட்டுகளைக் கழற்றிச் சவர்க்கார நீரில் கழுவி, நான்கு லீற்றர் நீரில் ஒரு மேசைக்கரண்டி வாசனையற்ற வெளுக்கும் திரவம் கலந்து துடைத்து, கதவைத் திறந்து நன்றாக உலர்ந்த பின்னரே மீண்டும் மின்சாரத்தை இணைக்க வேண்டும்.